வானத்தைப் பார்க்காதீர்கள், அண்ணி

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். நான் எப்படி என்று நீ கேட்க வேண்டாம்.

போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலும் உன் அண்ணன் குரல் மாதிரியே இழுத்து இழுத்து வரும். நீ "அலோ" என்றதுமே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவளின் கையெழுத்து, கொஞ்சம் பொறுமையாகப் படி.

சண்டை போட எழுதவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன அன்று நடுவீட்டில் எல்லோர் முன்னாலும் நீ கேட்டாய்: "இடி இடிச்சு மழை கொட்டுது, அந்த நேரத்துல அண்ணனைக் கடைக்கு ஏன் அனுப்புனீங்க?" நான் சொன்னேன், "அவர் கிளம்பறப்ப மழையே இல்லம்மா, வெயில் அடிச்சுது." அதைக் கேட்டு நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைதான் நாலு மாதமாக இந்த வீட்டில் என்னோடு குடியிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை மறுபடி சொல்கிறேன். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணியெல்லாம் முறுமுறுவென்று காய்ந்திருந்தது. உன் அண்ணன் கீழே நின்று, "டீச்சரம்மா தையல் மிஷினுக்கு பெல்ட் மாத்தணும், இதோ வந்துடறேன்" என்று கத்திவிட்டுப் போனார். கடை உனக்குத் தெரியுமே, கால்வாய்க் கரையை ஒட்டினாற்போல. கால்வாயில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பத்து லாரி ஒன்றாக வருகிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் கால்வாய் முழுக்கப் பழுப்புத் தண்ணீர், கடையின் ஷட்டர் தெரியவில்லை. என் கையில் காய்ந்த துணி.

அதற்கப்புறம்தான் எங்கள் தெருவில் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. அவரைத் தேடி ஓடியவர்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டே ஓடினார்கள். அதனால் எல்லோர் ஞாபகத்திலும் மழைதான் இருக்கிறது.

மழை இருந்தது என்றால், புருஷனை மழையில் அனுப்பியவள் நான். இல்லை என்று நான் சொன்னால், எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா வேறு கதை சொல்கிறாள்: "மழையில்லாம காஞ்ச கால்வாய்ல ஒரு ஆம்பள எப்படிங்க முழுகுவான்? ரெண்டு ரவுண்டு உள்ள போயிருக்கும்." சோடா குடித்தாலே மூக்கில் ஏறிவிட்டது என்று ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர்.

உன் அண்ணன் மிஷின் ரிப்பேருக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்: "என் தங்கச்சி ஆகாயத்துலேர்ந்து பூமியைப் பாக்கிற வேலை பாக்கறா. மழை பெஞ்சா எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி ஓடும்னு உக்காந்த இடத்துலயே சொல்லிடுவா." அது நிஜமென்றால் எனக்கு ஒன்றே ஒன்று பார்த்துச் சொல். அன்றைக்கு அவர் கிளம்பும்போது எங்கள் தெருவில் மழை பெய்ததா? பெய்தது என்றால் பெய்தது என்றே எழுது. சில நாள் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கையில் இருந்த துணி ஈரமோ என்று தடவிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பல நாட்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அந்த மாலையின் படங்கள் அன்றிலிருந்தே எங்கள் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. எந்தெந்த ஊர் மழையையோ திறந்து பார்க்கிறவள், அந்த ஒரு நாளை மட்டும் திறக்கவில்லை. எனக்குப் பயம். நேற்று திறந்தேன்.

மழை இல்லை, அண்ணி.

மேகங்களைப் பார்க்கும் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. நாலு மணிப் படத்தில் உங்கள் தெருவின் மேல் ஒரு துண்டு மேகம்கூடக் கிடையாது. ஐந்து மணிப் படத்திலும் இல்லை. ஆனால் உங்களுக்கு எதிரே தெரியும் மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளையாக ஒரு பெரிய கட்டி. அங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. அந்தச் சரிவின் தண்ணீர் மலையைச் சுற்றி வளைந்து உங்கள் கால்வாய்க்குத்தான் வருகிறது. இருட்டுவதற்குச் சற்று முன்புதான் மேகம் மலையைத் தாண்டி உங்கள் தலைக்கு மேல் வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான்தான் எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டேன். மன்னியுங்கள் என்று எழுதினால் அது ரொம்பச் சின்னச் சொல்லாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் உண்டு. கீழே என்ன மண், மேலே மரமா, புல்லா, வெறும் தரையா, கட்டடமா என்று பார்த்து அதைப் போடுவோம். மழையைக் குடிக்கும் நிலத்துக்குக் குறைந்த எண். குடிக்காமல் ஓடவிடும் நிலத்துக்கு அதிக எண். சிமெண்டுத் தரைக்குக் கிட்டத்தட்ட நூறு. முந்தைய ஐந்து நாளில் பெய்த மழையையும் சேர்த்துக்கொள்வோம், ஏனென்றால் ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் மேற்கொண்டு குடிக்காது. இந்த எண்ணையும் மழையின் அளவையும் வைத்தால் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும் என்று தெரிந்துவிடும்.

அந்த நாளின் மழைக்கு அப்படிக் கணக்குப் போட்டேன். முழங்கால் அளவுத் தண்ணீர் என்று வருகிறது. முழங்கால் தண்ணீரில் அண்ணன் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். ஷட்டர் மூழ்கியது என்கிறீர்கள். எங்கோ பிழை இருக்கிறது. படத்தில் அந்தச் சரிவு முழுக்கப் பச்சையாக இருக்கிறது. பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணன் வைத்த பேரை நீயே கையெழுத்தாகப் போட்டிருந்தாய். அதனால் நானும் எழுதிவிட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, நீலமாக இருந்தது. ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது, அது அன்றைக்கும் இருந்தது. இந்தத் தெருவில் இத்தனை கண் இருந்து ஒரு கண்ணும் எனக்குச் சாட்சி சொல்லவில்லை. அவ்வளவு உயரத்தில் யாரென்றே தெரியாத ஒன்று, என் துணி காய்ந்திருந்தது என்று பார்த்து வைத்திருக்கிறது. கை தானாகக் கும்பிட்டது. சிரிக்காதே.

உன் மதிப்பெண் சமாச்சாரத்தை நாலு தடவை படித்தேன். நூற்றுக்கு நூறு வாங்கினவன்தான் மக்கு, அப்படித்தானே? எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் நான்தான் முதல் மாணவி. ஊறிப்போன மண் மேற்கொண்டு குடிக்காது என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

மன்னிப்பெல்லாம் எழுத்தில் வேண்டாம். நேரில் வந்து என்னோடு ஒரு சண்டை போட்டுவிட்டுப் போ. வீடு ரொம்ப நாளாகச் சத்தமில்லாமல் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், பைத்தியக்காரி என்று நினைக்காதே. அந்தப் படத்தில் ஆட்கள் தெரிவார்களா? அன்றைய படத்தில் அவர் இருப்பாரா?

பச்சைக்கு அடியில் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிறது. இத்தனை நாளாகக் கால்வாயைத் தாண்டி நான் ஒரு அடி வைத்ததில்லை. போக வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தால் போய்விடுவேன்.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் "அண்ணி" என்று கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஆட்கள் தெரிய மாட்டார்கள். மேகம் பார்க்கும் செயற்கைக்கோள் வேறு, நிலம் பார்ப்பது வேறு. நிலம் பார்ப்பது சில நாளுக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கம் வரும். அதன் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் என்பது ஒரு வீடு நிற்கும் இடம். அதற்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகத்தான் வரும்.

ஆனால் அண்ணி, நீங்கள் கேட்ட பிறகு தேடிப் பார்த்தேன். அது அன்று காலையில் உங்கள் ஊரைக் கடந்திருக்கிறது. அண்ணன் கடை திறந்து உட்கார்ந்திருக்கும் நேரம். கால்வாய் ஓரமாக எண்ணிக்கொண்டே வந்து கடையின் கட்டத்தைக் கண்டுபிடித்தேன். தகரக்கூரை என்பதால் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள் கூரை இருக்கிறது, மிஷின்கள் இருக்கின்றன, அண்ணனும் இருக்கிறார், உயிரோடு. அந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மலைக்குப் போவதானால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த ஒரு பெரிய டின், தண்ணீர், ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். டின்னைத் தரையில் கொஞ்சம் அழுத்திப் பதித்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். ஈர மண்ணைக் கையில் உருட்டியும் பாருங்கள். உதிர்ந்தால் மணல், நூல் மாதிரி நீண்டால் களி.

வாலு


ஏப்ரல் 18

அன்புள்ள வாலுக்கு,

போய்விட்டு வந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

டின்னும் தண்ணீர்க் கேனுமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறேன், இஸ்திரிக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டீங்க, தகர டப்பாவும் கையுமா?"

"மலைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

"செடிக்கா?"

"இல்ல, மலைக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவளுக்கு முற்றிவிட்டது, எங்காவது போய் விழுந்துவிடுவாள் என்று நினைத்திருக்க வேண்டும். "இருங்க, பெட்டியை அணைச்சுட்டு நானும் வரேன்" என்றாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஜாதி இல்லை அவள். அவரைக் குடிகாரர் என்று தெருவெல்லாம் சொன்ன வாயோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து போனேன். கால்வாய்ப் பாலத்தை பஸ் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

முதலில் காட்டு ஓரத்தில் மரங்களுக்கு அடியில் டின்னைப் பதித்தோம். ஊற்றினேன். வாலு, தண்ணீர் நிற்கவே இல்லை! ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. சத்தம்கூட இல்லை. கீழே யாரோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்த மாதிரி. "டப்பா ஓட்டையா?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "ரெண்டு பக்கமும் ஓட்டைதானே, அதுக்குத்தானே வெட்டினது" என்றேன். அவள் ஒரு கை மண்ணை அள்ளி மோந்து பார்த்து, "பொதுபொதுன்னு இருக்குங்க" என்றாள்.

பிறகு சரிவுக்குப் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் நீ சொன்ன மாதிரி ஒரே பச்சை. கிட்டே போய்க் காலை வைத்தால், தரை. வீட்டு மனை போடுவதற்காக முன்பொரு காலத்தில் மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, பெரிய மிஷின்களை ஓட்டிப் படிப்படியாக அமுக்கி வைத்திருக்கிறார்கள். மனையும் விற்கவில்லை, மரமும் வரவில்லை. மேலே ஒரு காட்டுக் கொடி மட்டும் படர்ந்து எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. கொடியைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வருகிறது. அடியில் சிமெண்டே தோற்றுப்போகும், அவ்வளவு இறுக்கம். டின்னைப் பதிக்கவே முடியவில்லை, இஸ்திரிக்காரம்மா ஏறி நின்று மிதித்தாள். ஊற்றினேன். நின்றது. கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டோம், நின்றது. அவள் மருமகள் கதை முழுக்கச் சொல்லி முடித்தாள், அது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது, அப்போதும் நின்றது. குனிந்து பார்த்தேன். டின்னுக்குள் வானமும் எங்கள் ரெண்டு பேர் முகமும் தெரிந்தன. ஓரத்தில் கசிந்த ஈர மண்ணை உருட்டினேன். நூல்தான். ஊசியில் கோர்க்கலாம்.

உச்சிக்கு ஏறி நின்றோம். அங்கிருந்துதான் எனக்கு விளங்கியது. பாவாடைக்குக் கொசுவம் வைத்துத் தைப்போமே, அப்படி மலை முழுக்க மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. அத்தனை மடிப்பும் போய்ச் சேர்கிற இடுப்பு எங்கள் கால்வாய். அந்த இடுப்பில் ஒரு பொத்தான் மாதிரி உன் அண்ணன் கடை. எத்தனை பெரிய மலை! எங்கேயோ பெய்த ஒவ்வொரு சொட்டுக்கும் வழி தெரிந்திருக்கிறது. அவர் குனிந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. பிரமித்துப்போய் நின்றேன்.

இஸ்திரிக்காரம்மா இறங்கும்போது வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படம் வந்தது. போட்டோக் கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். "படம் எங்கம்மா?" என்று கேட்டான் கடைக்காரன். "அதுதான் படம்" என்றேன்.

அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி அந்தச் சரிவின் மதிப்பெண்ணை மாற்றினேன். பச்சைக்காகக் கொடுத்த சலுகையை எடுத்துவிட்டேன். அமுக்கிய களிமண், அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு பெய்திருந்த மழை, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். தண்ணீர் ஷட்டரின் மேல் விளிம்பைத் தாண்டுகிறது. அது வந்து சேர்வதுகூட நீங்கள் சொன்னபடி, உங்கள் தெருவில் மழை தொடங்குவதற்கு முன்புதான். திரையில் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமாகவும் இருந்தது, தலைவணங்கத் தோன்றவும் செய்தது. இத்தனை நாள் என்னிடம் எண்கள் இருந்தன. இப்போதுதான் அந்த மாலை எப்படி இருந்தது என்று தெரிகிறது.

நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அதே மழை மறுபடி பெய்தால் அதே தண்ணீர் மறுபடி வரும், உங்கள் வாசல் வரை. எங்கள் மேலதிகாரியிடம் காட்டினேன். உங்கள் கால்வாயை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அபாயச் சங்கு வைப்பதற்கு நாளாகும். அதுவரை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். மலைக்குப் பின்னால் கொட்ட ஆரம்பித்தால் போன் செய்வேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் போன் வந்தால், வானத்தைப் பார்க்காதீர்கள், அண்ணி. தெருவில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்.

வாலு


அக்டோபர் 11

அன்புள்ள வாலுக்கு,

நேற்று போனில் நான் "எல்லாரும் பத்திரம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

மதியம் போன் அடித்தது. "அண்ணி, கிளம்புங்க" என்றாய். உன் அண்ணன் குரலேதான். தொண்டை அடைக்கவில்லை. எழுந்துவிட்டேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், வாசலுக்கு வந்ததும் வானத்தைப் பார்த்துவிட்டேன். துவைத்துப் போட்ட மாதிரி நீலம். கண் கூசுகிற வெயில். ஒரு நிமிஷம் கால் நின்றுவிட்டது. இதே வெயிலில்தானே அவரும் கிளம்பினார் என்று நினைத்தேன். அப்புறம் நிற்கவில்லை.

முதல் வீட்டில், "வெயில்ல குடை பிடிக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில், "பாவம், அந்த வருத்தத்துல..." என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நடுத்தெருவில் நிற்கிறேன். எதிரே இஸ்திரிக்காரம்மா மலை போலத் துணி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்தாள் பார், அந்த வாய் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. "ஏய்! சிரிக்கிறவன் எல்லாம் மேட்டுல வந்து சிரி! எழுந்திருங்க! மலையைத் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன், அது ஒரு சொட்டு குடிக்காது! வானத்தைப் பாக்காதீங்க, நடங்க!" கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறினார்கள்.

நின்றோம். வெயில் சுட்டது. முனகல் ஆரம்பித்தது. "அடுப்புல சோறு இருக்கு" என்று ஒருத்தி திரும்பப் போனாள், இஸ்திரிக்காரம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

முதலில் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். பிறகு தண்ணீர் வந்தது. வெயிலில் வந்தது, வாலு. பழுப்பாக, மேலே தகதகவென்று மின்னிக்கொண்டு, மரக்கிளைகளையும் அந்தக் கொடிகளையும் சுருட்டிக்கொண்டு வந்தது. கால்வாய் நிரம்பியது. கடை ஷட்டர் மறைந்தது. எங்கள் தெருவுக்குள் ஏறி, நீ சொன்ன வாசலையும் தாண்டி, ஜன்னல் உயரத்தில் நின்றது. அத்தனை பேர் சட்டையும் காய்ந்திருந்தது. தெருவே நின்று அந்த மாலையை மறுபடி பார்த்தது.

முதல் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "மழையே இல்லையேங்க."

"அன்னிக்கும் இல்லதான்." இஸ்திரிக்காரம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அந்த மனுஷன் குடிக்கவும் இல்ல. நான்தான் கண்டதையும் உளறினேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

என்னோடு குடியிருந்த அந்தப் பார்வை தண்ணீரோடு போய்விட்டது.

இன்று காலை வீட்டைக் கழுவ அவள் வந்தாள். பாதிச் சுவர் வரை சேறு. சட்டம் போட்ட படம் மேலே மாட்டியிருந்ததால் தப்பித்தது. துடைக்கலாம் என்று எடுத்தவள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க, வெறும் சாம்பல் கலர்? படம் அழிஞ்சு போச்சா?"

"இல்ல. எங்க வீட்டுக்காரர். அன்னிக்குக் காலைல, கடைல."

கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினாள்.

"ஆமாங்க" என்றாள். "கடை திறந்திருக்கு."

நீ லீவு போட்டுவிட்டு வா. உனக்கு வைத்திருந்த சண்டை அப்படியே இருக்கிறது.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு,
அண்ணி